கொட்டான் முடையும் குழுவில் கூலி: உருப்படிக்கா, நாளுக்கா?

பனையோலையில் முடையும் கூடையான செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல். சீர்வரிசைக்குக் கேட்பவர்களோடு இப்போது கைப்பை, பேனாக்கூடு கேட்பவர்களும் உண்டு. உறுப்பினர்களே உரிமையாளரான குழுவில் புது மாதிரி வருமா என்பதைப் பெரும்பாலும் கூலி போடும் முறையே தீர்மானிக்கிறது.

உருப்படிக் கூலியில் கை வேகம் கூடும். ஒரு கொட்டானுக்கு 60 ரூபாய், நாளைக்கு 6 என்றால் 360 என்று வைத்துக்கொள்வோம். புது மாதிரியில் முதல் நாள் 2 தேறினாலே அதிகம். கையில் வருவது 120. மீதி 240-ஐக் குழு ஏற்காவிட்டால் யாரும் பழைய வடிவை விட்டு நகரமாட்டார்கள்.

நாட்கூலியில் அந்தப் பயம் இல்லை. வேறு வினை வரும்: "நாலு முடைஞ்சாலும் அதே காசு, எட்டு முடைஞ்சாலும் அதே காசு" என்று வேகமான கை ஒரே மாதத்தில் தளர்ந்துவிடும். சாயம் போடுவதற்கு மட்டும் நாட்கூலிதான் சரி. அங்கே உருப்படிக் கணக்கு வைத்தால் ஓலை கொதித்து நிறம் பிடிக்கும் முன்பே எடுத்துவிடுவார்கள். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அந்தச் சரக்கு சீர் தட்டுக்கு ஆகாது. சாயம் தெரிந்தவர் ஒருவரே என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று எல்லாருக்கும் விடுமுறை. இரண்டாவது ஆளைப் பழக்கி வையுங்கள்.

ஆகவே முடைவதற்கு உருப்படி, சாயத்துக்கும் மாதிரிக்கும் நாட்கூலி என்று பிரிப்பதே எங்கள் தேர்வு. மாதிரிக்கு மாதம் 2 நாள் போதும்.

வீதம் நிர்ணயிப்பதில்தான் சண்டை வரும். வேகமானவர், நடுத்தரம், மெதுவானவர் என மூவரை ஒரே ஓலையில் முடைய விடுங்கள். முதல் 4 உருப்படியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கை பழகும் நேரம். அடுத்த 3-க்கு மூவருக்கும் ஆகும் நேரத்தின் சராசரியை எடுங்கள். வேகமான கையை மட்டும் வைத்து வீதம் போட்டால் மற்றவர்கள் விளிம்புத் தையலில் அவசரம் காட்டுவார்கள். அங்கேதான் கொட்டான் முதலில் பிரியும். ஓலையின் ஈரமும் முக்கியம்: காய்ந்திருந்தால் வெடிக்கும், ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். அடைமழை மாதத்துக்குத் தனி வீதம் வைப்பதே நியாயம்.

புது மாதிரியை உருவாக்கியவருக்கு ஒரே தடவைப் பரிசா, விற்கும் ஒவ்வொன்றுக்கும் 2 ரூபாயா? இரண்டாவதே மேல். விற்காத மாதிரிக்குக் குழுவின் காசு போகாது.

உறுப்பினர்களே உரிமையாளரான உற்பத்தியாளர் நிறுவனமாகக் குழுவைப் பதிந்தால் முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் உறுப்பினரல்லாதவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். சிறு குழுவுக்கு அந்தச் சம்பளம் பாரம்தான். ஆனாலும் அக்கா வீதம் போட்டுத் தங்கச்சி முடையும் சங்கடம் அதில் கிடையாது.