சிரிப்பும் கோபமும்: ஆஸ்டெரிக்ஸின் ‘இரகசிய ஆயுதம்’

மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில், ரோமாபுரிப் படையை எதிர்த்து நிற்கும் கோல் நாட்டுக் கிராமத்து வீரன் ஆஸ்டெரிக்ஸின் பிரெஞ்சுச் சித்திரக்கதைகள் கண்ணில் பட்டால் நான் பேரம் பேசுவதில்லை. அண்மையில் கிடைத்தது ‘ஆஸ்டெரிக்ஸும் இரகசிய ஆயுதமும்’, ஆங்கிலப் பதிப்பு. தொடரின் கதாசிரியர் கோசினி 1977இல் இறந்த பின்னர் ஓவியர் உடெர்சோ கதையையும் தானே எழுதி 1991இல் வெளியிட்டது. பெண்ணியத்தைக் கேலி செய்யும் கதை. நான் வாய்விட்டுச் சிரித்தேன்; அதன் கருத்தை மட்டும் ஏற்கவே மாட்டேன்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பாணன் மீது நம்பிக்கை இழந்த கிராமத்துப் பெண்கள், லுடீசியாவிலிருந்து (இன்றைய பாரிஸ்) பிரவுரா என்ற பெண் பாணரை வரவழைக்கிறார்கள். வந்தவள் காற்சட்டை அணிந்தவள். ஆண்கள் சொல்வதே ஏன் சட்டமாக வேண்டும் என்று கேட்பவள். சில பக்கங்களில் தலைவரின் மனைவி தலைவியாகிறாள், ஆண்கள் காட்டுக்குப் போகிறார்கள். இந்த ஊர் ஆண்கள் பெண்கள் மீது கைவைக்க மாட்டார்கள் என்பதால் ரோமாபுரி ஒரு பெண்கள் படையை அனுப்புகிறது.

உடெர்சோவின் கைவண்ணத்துக்கு என்ன குறை! தலைவரின் மனைவி நாடியை நிமிர்த்தி நிற்கும் தோரணை ஒன்றே போதும். மீன் விற்பவரின் மனைவி, கிழவரின் இளம் மனைவி என்று ஒவ்வொருத்திக்கும் தனி நடை, தனி முறைப்பு. எதுவும் புரியாமல் விழிக்கும் ஆஸ்டெரிக்ஸின் நண்பன் ஒபிலிக்ஸைப் பார்த்தால் கோபத்திலும் சிரிப்பு வருகிறது.

ஆனால் முத்தமிட்ட பிரவுராவை ஆஸ்டெரிக்ஸ் அடிக்கும் பக்கத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. முடிவு அதைவிட மோசம். போருக்கு வந்த பெண்கள் துணிக்கடைகளைக் கண்டதும் படையெடுப்பை மறந்துவிடுகிறார்களாம். கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பெண்களைத் தெரிந்த எவருக்கும் இது ஒட்டாது. துணி என்றால் அவர்களுக்குக் கூலி, மேலதிக நேரம், முதுகுவலி. பிரான்ஸில் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல்தான் கிடைத்தது. இங்கே இலங்கையில் 1931இலேயே கிடைத்துவிட்டது. உலகின் முதல் பெண் பிரதமரை 1960இல் கண்ட நாடு இது. பிரான்ஸ் முதன்முதலாக ஒரு பெண்ணைப் பிரதமராக்கியதும் இந்தப் புத்தகம் வந்த அதே 1991இல்தான். தலைமைப் பதவியில் ஒரு பெண் என்பதே நகைச்சுவையாகும் என்று உடெர்சோ நம்பியது எனக்கு வியப்பாக இருக்கிறது.

என் அக்காவின் மகள் வாசித்துவிட்டு, “சின்னம்மா, பிரவுரா கேட்டதெல்லாம் நியாயம்தானே, அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே” என்றாள். குறை அங்கேதான் இருக்கிறது. இதே தொடரில் கோசினி எழுதிய, 1976இல் வந்த ‘ஒபிலிக்ஸ் அண்ட் கோ’வில் ஒன்றுக்கும் உதவாத நடுகற்களுக்குச் சந்தை எப்படி உருவாகிறது, விலை எப்படி ஏறிச் சரிகிறது என்பதையெல்லாம் முழுதாக விளங்கிக்கொண்டு கேலி செய்திருப்பார். அந்தக் கிண்டல் இன்றும் சுடுகிறது. இதிலோ எதிராளியின் பேச்சை உடெர்சோ பாதியிலேயே வெட்டிவிடுகிறார்.

இருந்தும் வாங்குங்கள், சித்திரங்களுக்காக. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். அந்த அடி விழும் பக்கத்தைப் பற்றி அவர்களோடு கட்டாயம் பேசுங்கள். பழைய பிரதியென்றால் தைப்பு விட்டுப்போயிருக்கிறதா, பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்துவிடுங்கள்.