நின்னுபோன பழைய காரும் எலி வாடையும்: மருந்தா பொறியா, சென்ட்டா கழட்டிக் கழுவுறதா

பாளையங்கோட்டையில இருந்து அம்பை, கல்லிடைக்குறிச்சி வரைக்கும் எந்தத் தெருவுக்குள்ள போனாலும் ஒரு ஷெட்டுல தார்ப்பாய் போத்தி ஒரு அம்பாசடரோ மாருதி 800ஓ கெடக்கும், அப்பா ஓட்டுன வண்டி, பிள்ளைங்க சென்னையிலயோ துபாய்லயோ இருக்காங்க, விக்க மனசில்ல, ஓட்ட ஆளில்ல. மாசி பங்குனியில பிசான நெல் அறுப்பு முடிஞ்சதும் வயக்காட்டு எலி தீனி தேடி ஊருக்குள்ள ஏறும், ஐப்பசி கார்த்திகை மழையில வளைக்குள்ள தண்ணி புகுந்தாலும் ஏறும், அதுக்கு இருட்டா, காய்ஞ்ச எடமா, பஞ்சு வச்ச சீட்டோட ஒரு கார் கெடச்சா அங்கனயே குட்டி போட்டுரும். லீவுக்கு வந்து கதவைத் தொறந்தா மூத்திர வாடை மூக்கை அடைக்கும். அப்பதான் ஆளாளுக்கு ஒரு வழி சொல்லுவாங்க. என் முடிவ மொதல்லயே சொல்லிருதேன், வாடைய மறைக்கிற எதுக்கும் காசு போடாதீங்க, வாடை ஊறியிருக்க பொருளைக் கழட்டி வெளிய எடுங்க, எலி வந்த ஓட்டைய அடைங்க. மத்த எல்லா வழியும் இந்த ரெண்டுக்கும் பின்னாலதான்.

உள்ள வந்தது யாருன்னு பாக்காம வேலை ஆரம்பிக்கக் கூடாது. அரிசி மணி அளவுக்குப் புழுக்கை கெடந்தா சுண்டெலி, அதைவிடப் பெருசா தடிப்பா இருந்தா பெரிய எலி. வயரெல்லாம் நல்லா இருக்கு ஆனா ஒரு மாதிரி குமட்டுற வாடைன்னா மூஞ்சூறா இருக்கலாம், அது பூச்சி திங்கிற ஜீவன், வயரு அதுக்குத் தேவையில்ல. பகல்லயே பானெட்டுக்குள்ள தேங்காய் நாரும் துணிக்கிழிசலும் சேருதுன்னா அணில், இதுவும் வயரைக் கடிக்கும்.

விரட்டுறதுக்கு ஊர்ல மூணு வழி சொல்லுதாங்க, மருந்து, பொறி, பசை அட்டை. மருந்து சுலபம்னு தோணும், கேக்கு மாதிரி கட்டி வாங்கி சீட்டுக்கு அடியில போட்டா முடிஞ்சுதுன்னு. ஆனா இப்ப கடையில கெடைக்கிற ப்ரோமாடயலோன் கட்டிய தின்ன எலி உடனே சாகாது, ரத்தம் உறையாம உள்ளுக்குள்ள கசிஞ்சு சாக சில நாளாகும், அதுவரைக்கும் அது தன் கூட்டுக்குத்தான் போகும், அந்தக் கூடு உங்க டேஷ்போர்டுக்குப் பின்னாலயோ, உள்ள காத்து தள்ளுற ஃபேன் இருக்க ப்ளோயர் பெட்டிக்குள்ளயோ இருந்தா அங்கனதான் செத்து அழுகும். மருந்து தின்ன எலி தண்ணி தேடி வெளிய போய் சாகும்னு அடிச்சுச் சொல்லுவாங்க, அத நம்பி காருக்குள்ள மருந்து வைக்காதீங்க. அந்த எலிய பூனையோ ஆந்தையோ தின்னா அதுகளுக்கும் விஷம் ஏறும், வயக்காட்டுல ராத்திரி பூரா நமக்காக எலி புடிக்கிற ஆந்தைய நாமளே கொல்லக் கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் எங்கயாவது கெடச்சாக்கூட வாங்காதீங்க, தமிழ்நாட்டுல தடை பண்ணுன சரக்கு, ஈரலைக் கெடுத்து மனுசன் உசுரையே எடுத்திருக்கு, அதுக்கு மாத்து மருந்தும் கெடையாது.

பசை அட்டை இன்னும் மோசம். எலி அட்டையோட இழுத்துக்கிட்டு கார்ப்பெட்டுக்கடியில போயி நாள்கணக்கா துடிச்சு சாகும், பசை சீட்டுல ஒட்டும், அந்தக் கொடுமைய நம்ம வண்டிக்குள்ள வைக்கணுமா. அதனால நான் பொறி பக்கம்தான். கம்பிக்கூண்டோ பலகைப் பெட்டியோ, ஒண்ணுக்கு ரெண்டா காருக்கு வெளிய டயர் ஓரமா சுவரை ஒட்டி வைங்க, எலி சுவரோரமாத்தான் நடக்கும். சுட்ட தேங்காச்சில்லும் கருவாடும் போதும். பெரிய எலி புதுப்பொருளைப் பாத்துப் பயப்படும், அதனால மொத ரெண்டு மூணு ராத்திரி பொறிய கட்டாம தீனி மட்டும் வச்சுப் பழக்குங்க. பொறி மெதுவாத்தான் வேலை செய்யும், தினமும் காலையில போய்ப் பாக்க ஊர்ல ஒரு ஆள் வேணும், அதுதான் இதோட குறை.

எலி போச்சுன்னு தெரிஞ்சதும் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியத் தொறந்து பாருங்க, எக்ஸாஸ்ட் பக்கம் நார், பேப்பர், இலை எதுவும் கூடு கட்டி இருக்கான்னு பாருங்க, முக்கியமா பெட்ரோல் ஓஸை டேங்க்ல இருந்து இஞ்சின் வரைக்கும் கையால தடவிப் பாருங்க. எலி வயரை மட்டும் கடிக்காது, ரப்பரையும் கடிக்கும், கடிபட்ட ஓஸும் தோல் உரிஞ்ச வயரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா வண்டியோட ஷெட்டும் சேந்து எரியும்.

இப்ப வாடை. இங்கதான் அதிகமா ஏமாத்து நடக்கு. சென்ட்டு, ஜெல் டப்பா, அந்துருண்டை எல்லாம் ஒரே வகை, மூத்திர வாடைக்கு மேல இன்னொரு வாடை. அந்துருண்டை ஆவி சீட்டுல ஊறிப் போச்சுன்னா அதப் போக்குறது தனி வேலை, அதுபோக மூடுன காருக்குள்ள நாப்தலீன் ஆவி கைக்கொழந்தைக்கு ஆகவே ஆகாது. ஓசோன் மெஷின் போடுதோம்னு சில வாஷிங் சென்டர்ல சொல்லுவாங்க. ஓசோன் பொய் இல்ல, காத்துலயும் மேல்பரப்புலயும் இருக்க வாடைப் பொருளை அது உண்மையிலயே உடைக்கும், ஆனா கார்ப்பெட்டுக்கடியில இருக்க தடிச்ச துணிமெத்தை, அதான் ஃபெல்ட்டு, அதுக்குள்ள ஊறுன மூத்திரத்துக்குள்ள போகாது, அதனால அன்னைக்கு நல்லா இருக்கும், வெயில்ல ஒரு மத்தியானம் நிறுத்துனா திரும்ப வந்துரும். ஓவரா விட்டா கதவு ரப்பர் வெடிக்கும், மெஷின் ஓடையில உள்ள யாரும் இருக்கக் கூடாது, முடிஞ்சதும் எல்லாக் கதவையும் நல்ல நேரம் தொறந்து போடணும். அதனால ஓசோன் கடைசி வேலையா இருந்தா சரி, மொத வேலைன்னா காசு வீண்.

கழட்டிக் கழுவுறது கஷ்டமான வழி, எனக்குப் புடிச்ச வழியும் அதுதான். பழைய வண்டியில இது நமக்கு சாதகம், சீட்டு நாலு போல்ட்டு, வயரு கனெக்டர் ஒண்ணும் கெடையாது, அம்பாசடர் பின்சீட்டெல்லாம் ரெண்டு பேர் புடிச்சா வெளிய வந்துரும். ஆனா ஒண்ணு, காய்ஞ்ச புழுக்கைய விளக்கமாறு போட்டுக் கூட்டாதீங்க, வாக்குவம் வைக்காதீங்க, தூசி மூக்குல ஏறும். கதவெல்லாம் தொறந்து காத்தாட விட்டு, மாஸ்க், ரப்பர் கையுறை போட்டு, ப்ளீச் திரவம் 1 பங்குக்குத் தண்ணி 10 பங்கு கலந்து தகரத் தரையில தெளிச்சு 5 நிமிஷம் ஊறவிட்டு பேப்பரால வழிச்சு எடுங்க, அப்புறம் நல்ல தண்ணியில தொடச்சிருங்க, இல்லன்னா தகரம் துரு ஏறும். ப்ளீச்சோட வினிகர், அமோனியா கலந்த கிளீனர் எதையும் சேக்காதீங்க, விஷவாயு வரும். எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையில வெட்டுக்காயம் இருந்தா இந்த வேலைய வேற ஆள்ட்ட குடுங்க, சுத்தம் பண்ணுன ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்துட்டுன்னா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டர்ட்டயோ போய் எலி இருந்த கார் கழுவுனேன்னு வாய் தொறந்து சொல்லணும்.

கார்ப்பெட்டுக்கடியில இருக்க ஃபெல்ட்ட காப்பாத்த நெனைக்காதீங்க, தூக்கிப் போட்டுட்டு புதுசு வெட்டிப் போடுங்க. சீட்டுத் துணி, கூரைத் துணிக்கு என்சைம் கிளீனர் நல்லது, நாய் பூனை மூத்திரத்துக்குன்னு விக்கிறதேதான், ஆனா மேலோட்டமா தெளிச்சுத் தொடச்சா ஒண்ணும் ஆகாது, வாடை எவ்வளவு ஆழம் போயிருக்கோ அவ்வளவு ஆழம் நனைஞ்சு மணிக்கணக்கா ஈரமா இருக்கணும். ப்ளீச் பட்ட எடத்துல இத ஊத்துனா என்சைம் செத்துரும், ரெண்டுல ஒண்ணுதான். அப்புறம் நம்ம ஊரு வெயிலு, சித்திரையில மொட்டை மாடியில நாலு நாள் சீட்டக் கெடத்துனா எந்த மெஷினும் அதுகூட போட்டி போட முடியாது. ஆப்பசோடா, கரித்துண்டு எல்லாம் அதுக்கப்புறம் மிச்சம் மீதி வாடைக்கு வைக்கலாம். எல்லாம் பண்ணியும் ஃபேன் போட்டா மட்டும் வாடை வருதுன்னா கூடு ப்ளோயருக்குள்ள இருக்கு, டேஷ்போர்ட எறக்காம தீராது.

வயரிங்குல கடிபட்ட எடத்துல ஒட்டுப் போடுறதா, இல்ல புது ஹார்னஸ், அதாவது மொத்த வயர்க்கட்டையும் மாத்துறதான்னு கேட்டா வண்டியப் பொறுத்தது. கார்புரேட்டர் வண்டிக்கு வயரு கொஞ்சம், நாலஞ்சு எடம் கடிச்சிருந்தா கிரிம்ப் பண்ணி, அதாவது உலோகக் குழாய்ல வயரை வச்சு நசுக்கிச் சேத்து, மேல ஸ்லீவ் போட்டு சூடு காட்டி சுருக்குனா போதும், வெறும் டேப்ப சுத்திவிட்டா இஞ்சின் சூட்டுல பசை உருகி அவுந்துரும். 1983ல வந்த மாருதி 800 சுமார் 2000 வாக்குல எம்பிஎஃப்ஐக்கு, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோல் தெளிக்கிற முறைக்கு மாறுச்சு, அந்த வண்டியில ஆக்சிஜன் சென்சார் சிக்னல் 1 வோல்ட்டுக்கும் கீழ, ஒரு லூஸ் ஒட்டு போதும் வண்டி தெணறும், சென்சார் பக்கம் நெறைய கடிபட்டிருந்தா அந்தக் கெளை வயர முழுசா மாத்திருங்க. டேஷுக்குப் பின்னால கட்டுக்கட்டா கடிச்சிருந்தா எந்த வண்டியா இருந்தாலும் ஒட்டுப் போடுத வேலையே வேண்டாம், பழைய கை எலக்ட்ரீசியன் அண்ணாச்சி ஒருத்தரப் புடிச்சு புதுசா கட்டச் சொல்லுங்க.

திரும்ப வராம இருக்க புகையிலைய பானெட்டுக்குள்ள கட்டச் சொல்லுவாங்க, வாடை இருக்கமட்டும் கொஞ்சம் தடுக்கும், காய்ஞ்சதும் வெறும் சருகு, எக்ஸாஸ்ட் பக்கம் விழுந்தா தீப்புடிக்கும். அல்ட்ராசோனிக் மெஷினுக்கு எலி சீக்கிரம் பழகிரும், அந்தச் சத்தம் சீட்டையோ டேஷையோ தாண்டிப் போகவும் செய்யாது, அமெரிக்காவுல 2001லயே எஃப்டிசிங்கிற வர்த்தகத்தக் கண்காணிக்கிற அரசு அமைப்பு இந்த மெஷின் விக்கிற கம்பெனிகளுக்கு ஆதாரமில்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கைக் கடிதம் போட்டுச்சு. மிளகாக் காரம் ஏத்துன டேப்ப ஹோண்டாவே விக்குது, புது ஒட்டு மேல சுத்த அது பரவாயில்ல. ஆனா வைப்பருக்குக் கீழ காத்து உள்ள போற வழி, பெடல் கேபிள் ஓட்டை, கியர் பூட்டுக் கிழிசல் இதையெல்லாம் அடைச்சாதான் வேலை முடியும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை போதும், அதவிடச் சின்னக் கண்ணுள்ள இரும்பு வலையா வாங்குங்க, பிளாஸ்டிக் கொசுவலைய ஒரே ராத்திரியில கடிச்சுரும். ஷெட்டுக்குள்ள இருந்தா தார்ப்பாயை எடுத்துட்டு பானெட்டத் தூக்கி வைங்க, வெளிச்சம் பட்டா கூடு கட்டத் தயங்கும். அதே ஷெட்டுல நெல்மூட்டை, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை கெடந்தா மொதல்ல அத வேற எடத்துக்கு மாத்துங்க.