இலவச இதயப் பரிசோதனை முகாம்: கோத்தகிரி, குன்னூர் பக்கம் உள்ள சர்க்கரைக்காரர்கள் கவனத்துக்கு

கோத்தகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் "சர்க்கரை நோயாளிகளுக்கு இலவச இதயப் பரிசோதனை" என்று முகாம் போட்டிருந்தார்கள். அங்கே போய்வந்த என் அப்பா 14,500 ரூபாய்க்கு ஒரு பெட்டி நிறைய மாத்திரையும் பவுடருமாகத் திரும்பி வந்தார்.

பரிசோதனை என்ன தெரியுமா? கையில் ஓர் உலோகக் குச்சியைப் பிடிக்கச் சொல்வார்களாம். லேப்டாப்பில் கலர் கோடுகள் ஓடும். உடனே பிரிண்ட் வந்துவிடும்: குரோமியம் குறைவு, மெக்னீசியம் குறைவு, பொட்டாசியம் குறைவு. ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ரத்த சீரத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே, மீதியெல்லாம் எலும்பிலும் தசையிலும். லேப் டெஸ்டிலேயே முழுசாகப் பிடிபடாததைக் குச்சி கண்டுபிடிக்கிறதாம்! பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே மூன்றும்தான் குறைவு.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று அங்கே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அப்பா பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறவர். அது உடம்பில் பொட்டாசியத்தை வெளியே போகவிடாமல் தேக்கும். போதாததற்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் கொஞ்சம் கூடுதல். அதன்மேல் தினமும் இரண்டு வேளை பொட்டாசியம் பவுடர். காலில் வலுவே இல்லை என்றதும் ஊட்டிக்குக் கூட்டிப்போனேன். ரத்தத்தில் பொட்டாசியம் 5.9. சாதாரணமாக 3.5-இலிருந்து 5-க்குள் நிற்க வேண்டியது. டாக்டர் முதலில் ஈசிஜிதான் எடுத்தார், ஏனென்றால் இது ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். இதயத்துக்கென்று வாங்கிய பவுடர்! ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

குரோமியம், மெக்னீசியம் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். உண்மையிலேயே குறைபாடு இருந்தால் நாங்களே எழுதித் தருவோம், இல்லாதவர்களுக்குப் பலன் தரும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றார்.

இன்னொரு கூத்து, அதிரும் பலகை. அதில் பத்து நிமிஷம் நின்றால் ஒரு மணி நேரம் நடந்ததற்குச் சமமாம், சர்க்கரைக்குப் போடும் மெட்பார்மின் மாத்திரையையும் நிறுத்திவிடலாமாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையை நிறுத்தச் சொல்ல இவர்கள் யார்? நல்லவேளை, வீட்டில் இடமில்லை என்று அப்பா பலகையை வாங்கவில்லை. டாக்டர் சொன்னது வாரத்துக்கு 150 நிமிடம் கைவீசி நடப்பது, அவ்வளவுதான். ஆனால் நம் ஊர் மேட்டில் எடுத்தவுடன் வேகம் வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ, இந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டினாலோ உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, "டப்பாவ ஒடச்சிட்டீங்களே சார்" என்றார்கள். கொடுத்திருப்பது ஜிஎஸ்டி பில் இல்லை, எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டு. டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இருக்கிறது. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது. இவர்கள் நோட்டீஸிலேயே அப்படி அச்சடித்திருக்கிறார்கள். அதையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். வாங்கியவர்கள் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த முகாம் குன்னூரிலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால், டப்பாவில் பொட்டாசியம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் பிரஷர் மாத்திரை அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.