வன்னிச் சுரிக்கு எது தோது: நூறு சிசியா, இருநூற்றைம்பதா, ஸ்கூட்டரா?

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு விலகி மல்லாவிப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ சிறிது தூரம் ஓடினால் போதும், வீதியின் இரு கரையிலும் கிரவல் பாதைகள் கிளை பிரியத் தொடங்கிவிடும். ஒன்று குளத்துக்குப் போகும், ஒன்று வயலுக்குப் போகும், ஒன்று கோயிலுக்குப் போகும். இன்னொன்று எங்கும் போகாமல் பாலை, வீரை மரங்களுக்குள் தேய்ந்து மறைந்துவிடும். சனி, ஞாயிறு என்றால் இந்தப் பாதைகளில் ஓடுவதற்கென்றே வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்றுதான்: எதில் வருவது?

கட்சிகள் மூன்று. முதலாவது, வீட்டில் ஏற்கெனவே நிற்கிற நூறு சிசி. ஹீரோ ஸ்பிளெண்டர், பஜாஜ் சீ.ரீ. 100 வகை. இரண்டாவது, ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கப்பட்ட 250 சிசி காட்டுப்பாதை வகை, ஹொண்டா எக்ஸ்.ஆர். 250 பாஜா, சுசுகி ஜெபல். மூன்றாவது ஸ்கூட்டர். 150, 200 சிசி வீதி மோட்டார் சைக்கிள்களையும் சிலர் இந்தப் போட்டியில் சேர்க்கிறார்கள், நான் சேர்க்கவில்லை. அகன்ற வழுவழுப்பான ரயர், முன்னே குனிந்து உட்காரும் இருக்கை, கல்லில் முதலில் இடிபடும் சைலன்சர். அவை ஏ9 வீதிக்குப் பிறந்தவை, அங்கேயே நன்றாக இருக்கட்டும்.

என் வாக்கு நூறு சிசிக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 250 வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம்; அது வெல்லும் இடங்களை மறைக்கப்போவதில்லை.

மண்ணைப் பார்க்காமல் வாகனத்தைப் பற்றிப் பேசுவது வீண். வன்னியின் பெரும்பகுதி செங்கபில மண். கோடையில் இறுகிக் கிடக்கும். மேலே ஒரு விரற்கடைப் புழுதி. ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர், ஜனவரி வரை மாரி பெய்யும்போது மேல்மண் ஊறிச் சுரியாகி, அதாவது சேறாகி, வழுக்கும், ஆனால் கிரவல் போட்டு இறுகிய பாதையில் அடித்தரை கெட்டியாகவே இருக்கும். இந்த நிலத்தில் ஒல்லியான ரயர்தான் ராசா. ஸ்பிளெண்டரின் 2.75-18 ரயர் மேல்சுரியை வெட்டிக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடித்துக்கொள்ளும். பாஜாவின் பின் ரயர் 4.60-18. அதில் கட்டை கட்டையான காட்டு ரயர் பூட்டியிருந்தால் உழுதுகொண்டு போகும். வீதிக்கென்று வாங்கித் தேய்ந்துபோன ரயர் என்றால் அந்த அகலமே வினையாகிச் சுரியின் மேல் பக்கவாட்டில் வழுக்கும். மோட்டார் சைக்கிளைப் பற்றி நடக்கும் வாக்குவாதத்தில் பாதி உண்மையில் ரயரைப் பற்றியதுதான்.

மன்னார்ப் பக்கம் முருங்கன், கட்டுக்கரைக்குளம் என்று போனால் கதை வேறு. அங்கே கரிய களி. ஒரு காலத்தில் காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குப் போன களி. கோடையில் கை நுழையுமளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழை பட்டால் வீங்கி ஒட்டத் தொடங்கும். நூறு சிசியின் முன் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அதிகம். சில்லு சுற்றச் சுற்ற ஒவ்வொரு படையாகக் களி ஏறும். வயலோரப் பாதை என்றால் அதில் வைக்கோல் துரும்பும் கலந்துகொள்ளும். மண்வீட்டுச் சுவருக்குக் குழைத்த கலவையேதான் அது. சிறிது நேரத்தில் என்ஜின் இரையத் தொடங்கும், கைபிடி கனக்கும், பிறகு முன் சில்லு உருளாமல் சும்மா இழுபடும். இறங்கிப் பார்த்தால் களி தேய்ந்து தேய்ந்து மெருகேறிப் பளபளத்துக்கொண்டிருக்கும். குச்சியால் குத்தினால் குச்சிதான் முறியும். மட்காட்டைக் கழற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு, முகம் நிறையச் சேறு வாங்கிக்கொண்டு ஓடுவதுதான் ஒரே வழி. 250இன் மட்காட் சில்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. களி ஏறும், விழும், அவ்வளவுதான். மாரியில் முருங்கன் பக்கம் போகிறவருக்கு நூறு சிசியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் செயின் விஷயத்தில் கணக்கு திரும்புகிறது. நூறு சிசியின் செயின் முழு மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. 250இன் செயின் வெளியே ஓடுவதால் சேறும் மணலும் எண்ணெயோடு சேர்ந்து அரைபடும். ஒரு மாரிகாலம் கழுவாமல் ஓடினால் செயினும் பற்சில்லும் சேர்ந்தே போகும். வார இறுதியில் சுற்றிவிட்டுத் திங்கட்கிழமை அப்படியே வேலைக்குப் போகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்.

மணலில் 250க்குப் போட்டியே இல்லை. முல்லைத்தீவிலிருந்து தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என்று போகும் கரையில் கடற்பக்கமாக இறங்கும் பாதைகள் எல்லாம் மணல். நூறு சிசியின் முன் சில்லு மணலுக்குள் புதைந்து கைபிடியைத் தன் பாட்டுக்குத் திருப்பும். வேகம் கொடுத்து மேலே ஏறி ஓடலாம் என்றால் எட்டுக் குதிரைவலு போதாது. பாஜாவின் முன் சில்லு 21 அங்குலம். அது மணலிலும் பள்ளத்திலும் உருண்டு ஏறிவிடும், பின்னால் தள்ளுவதற்கும் போதிய பலம் இருக்கிறது. கைபிடியை இறுக்காமல், பார்வையைத் தூரத்தில் வைத்து, எடையைப் பின்னுக்குக் கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். கரையோர மணல்தான் உங்கள் ஆசை என்றால் இதற்கு மேல் வாசிக்க வேண்டியதில்லை, 250ஐ வாங்குங்கள்.

உழவு இயந்திரத் தடமும் அதன் பக்கம்தான். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய இழுவைப் பெட்டிகள் போய்ப் போய் வயற்பாதையில் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கும். தடத்துக்குள் இறங்கினால் நூறு சிசியின் கால்மிதி இரு கரையிலும் உரசும், என்ஜினின் அடிப்பாகம் நடுவில் இருக்கும் மேட்டில் குந்தும். அதன் அடிக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி 16 சென்ரிமீற்றர் அளவு. பாஜாவுக்கு 25க்கும் மேல். தடத்துக்குள் இறங்காமல் நடுமேட்டிலேயே ஓடக் கற்றுக்கொண்டவர்கள் நூறு சிசியில் சமாளிக்கிறார்கள். வவுனிக்குளத்துக் கமக்காரர்கள் பின்னால் இரண்டு உர மூடையும் கட்டிக்கொண்டு அதைச் செய்கிறார்கள், நாம் வெறுங்கையோடு போய்த் தடுமாறுகிறோம்.

250க்கு இத்தனை கொடுத்த பிறகும் என் வாக்கு மாறாததற்குக் காரணம் இருக்கிறது. அதன் உண்மையான பலம், பாதை இல்லாத இடத்திலும் போக முடிவது. வன்னியில் செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான். 2009இல் போர் முடிந்த பிறகு மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடக்கிறது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அமைப்புகள் பெரும்பரப்பைத் துப்புரவு செய்து கொடுத்திருக்கின்றன. அப்படியிருந்தும், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கே நிற்கும், எங்கே விழுந்து மண்ணுக்குள் போயிருக்கும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மிதிவெடி இல்லாத இடம் என்றால் அது ஒதுக்குக் காடாக இருக்கும், அல்லது யாரோ ஒருவரின் வயல் வரம்பாக இருக்கும். வரம்பை உடைத்துக்கொண்டு போகிறவனுக்கு 250 எதற்கு, நாலு வசவு போதும். இங்கே ஓடக்கூடிய பாதை என்பது ஊர்ச்சனம் அன்றாடம் ஓடுகிற பாதைதான். அவர்கள் ஓடுவது நூறு சிசியில். புதிதாக வாய் திறந்திருக்கும் ஒரு கிளைப்பாதையில் அண்மைய ஒல்லி ரயர்த் தடம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் திரும்புவேன். உறுதியாகத் தெரியாவிட்டால் கடையில் கேட்பேன்.

தண்ணீர் விஷயத்தில் மூன்று கட்சியும் ஒன்றுதான். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளமான இரணைமடு நிரம்பி 2018 டிசம்பரில் கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சித் தாழ்நிலங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். சிறு குளங்கள் நிரம்பி வான் வழியே வழியும்போது பாதைக்குக் குறுக்கே ஓடும் தண்ணீர் பார்வைக்குச் சாதுவாகத்தான் இருக்கும். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, ஆழத்தைப் பாராதேயும். ஒரு இலையைப் போட்டு அது போகும் வேகத்தைப் பாரும்.” காற்று இழுக்கும் வாய் 250இல் உயரத்தில் இருக்கிறது, நூறு சிசியில் இருக்கைக்குக் கீழ், ஸ்கூட்டரில் அதற்கும் கீழ். நின்ற தண்ணீருக்கு இந்த வரிசை சரி. ஓடும் தண்ணீர் காற்றுவாயை விட்டுவிட்டுச் சில்லைத்தான் தள்ளும்.

ஸ்கூட்டரைச் சுற்றுலாக்காரர்கள் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. பின்தங்கிய கிராமப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியைகள், வீடு வீடாகப் போகும் குடும்பநலப் பணியாளர்கள் பலர் இதே பாதைகளில் மாரியிலும் ஸ்கூட்டரில்தான் போகிறார்கள், அதுவும் சேலையோடு. கோடையில், புழுதி கிளம்பும் நல்ல கிரவலில், ஸ்கூட்டர் போதும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்களும் பாலைப்பழக் காலத்தில் பை நிறைய வாங்கிக் கால்பலகையில் வைத்து வருகிறவர்களும் வேறு எதற்கும் ஆசைப்பட மாட்டார்கள். அதன் குறை இரண்டு. சின்னச் சில்லு ஒவ்வொரு குழியையும் எண்ணிச் சொல்லும். மற்றது, குளக்கட்டிலிருந்து ஈரமான சரிவில் இறங்கும்போது வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும். என்ஜின் பிடித்து வைக்காது. பிறேக் மட்டும்தான் துணை, ஈரச் செம்மண்ணில் பிறேக்கை நம்புவது வழுக்கி விழுவதற்கு முதற்படி. கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் முதல் கியரில் போட்டுவிட்டு பிறேக்கைத் தொடாமல் இறங்கிவிடலாம்.

பழுது என்று வந்தால் நூறு சிசிக்கு ஈடில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கொஞ்சம் பெற்றோலைத் தெளித்து உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. 2002இல் ஏ9 வீதி திறக்கும் வரை அந்தக் கைவித்தை இருந்தது. அப்போது பழகிய கைகளும் அவற்றிடம் படித்த கைகளும் இன்னும் சந்திக்குச் சந்தி இருக்கின்றன. பிளக், கிளட்ச் கம்பி, ரியூப் எல்லாம் மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் புதுக்குடியிருப்பிலும் கிடைக்கும். பாஜாவுக்கு ஒரு கிளட்ச் தட்டு தேவைப்பட்டால் கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய 250களுக்கு விலை ஏறியதே தவிர வயது இறங்கவில்லை. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு வந்தபோது, லீற்றருக்கு 50 கிலோமீற்றர் கடந்து ஓடும் நூறு சிசிக்காரர் ஞாயிறு சுற்றை விடவில்லை. 30ஐத் தொடப் பாடுபடும் 250 வீட்டில் நின்றது.

உயரத்தையும் சொல்லவேண்டும். எடையில் இரண்டுக்கும் பலர் நினைக்கும் அளவு வித்தியாசம் இல்லை. இருக்கை உயரம்தான் சிக்கல். பாஜாவின் இருக்கை 85 சென்ரிமீற்றருக்கு மேல். சுரியில் வழுக்கும்போது இரண்டு காலையும் ஊன்றித் தத்தித் தத்திப் போவதுதான் சராசரி ஆளின் வித்தை. ஐந்தரை அடி ஆளுக்குப் பாஜாவில் நுனிவிரல்தான் எட்டும், நுனிவிரல் சுரியில் எதையும் பிடிக்காது. யானைக்காட்டுப் பாதையில் அவசரமாகத் திருப்ப நேர்ந்தாலும் இதே கதைதான். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் மாலை ஐந்து மணிக்குப் பிறகு காட்டுப்பாதையில் நிற்காதீர்கள் என்பதை எந்த மோட்டார் சைக்கிள்காரருக்கும் சொல்வேன்.

நூறு சிசியையே எடுக்கிறவர் செய்யவேண்டிய மாற்றம் அதிகமில்லை. பின்னுக்கு 3.00-18 கட்டை ரயர், முன் மட்காட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டுதல், என்ஜினுக்குக் கீழே ஒரு தகட்டுக் கவசம். மாரியில் ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்து ஓடி, தார் வீதி ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ள ஒரு கைப்பம்பு. 250தான் வேண்டும் என்று நிற்கிறவர் கையில் காசைக் கொடுப்பதற்கு முன், பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் இரும்பில் அடித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பழைய 250களில் என்ஜின் மாற்றியவை உண்டு. அது புத்தகத்தில் ஏறாமல் இருந்தால் வீதித் தடையில் பொலிஸார் கேட்கும் கேள்விக்கு வாங்கியவர்தான் பதில் சொல்லவேண்டும், விற்றவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.