கோமோ ஏரிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: இல்லாத வீட்டுக்கு 684 யூரோ

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் பாதி விட்டுப்போகும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இருக்கும் பெல்லாஜியோவில் ஒரு வீட்டுக்கு 684 யூரோ கட்டினோம். அந்த முகவரியில் வாடகைக்கு விடும் வீடே கிடையாது. பணம் இன்று வரை திரும்பி வரவில்லை.

நாங்கள் இருப்பது மியூனிக்கில். அம்மா திருச்சியிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கிறார். 90 நாள் முடிந்து ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்ப வேண்டும் என்பதால் மார்ச் நடுவில் போவதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது கோமோ பக்கம் சீசன் தொடங்கியிருக்காது. பெல்லாஜியோவில் நிறைய ஹோட்டல்கள் மார்ச் கடைசியிலோ ஈஸ்டரை ஒட்டியோதான் திறக்கும். படகுகளும் குளிர்கால அட்டவணைப்படி குறைவாகவே ஓடும். அதனால் ஹோட்டலை விட்டுவிட்டு, வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு பெரிய தளத்தில் தேடினோம். எல்லோரும் பயன்படுத்தும் தளம்தான். பணத்தையும் அந்தத் தளத்துக்குள்ளேயே கிரெடிட் கார்டில் கட்டினோம். வெளியே தனியாகப் பணம் அனுப்பச் சொல்லி ஏமாற்றிய கதை இல்லை இது.

எங்களை நம்ப வைத்தது எது என்று சொல்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி. பெல்லாஜியோ முழுக்கப் படிக்கட்டுச் சந்துகள். "வீட்டுக்கு எத்தனை படி ஏற வேண்டும்?" என்று விளம்பரம் போட்டிருந்த ஆளுக்கு எழுதிக் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஒரு படி கூடக் கிடையாது, தரைத்தளம். என் அம்மாவுக்கும் முட்டி வலிதான், எனக்குத் தெரியும். நீங்கள் வருவதற்கு முன்பே ஹீட்டரைப் போட்டு வைக்கிறேன், மார்ச்சில் ஏரிக்காற்று குளிரும்." கூடவே ஒரு படம். பால்கனி நிறைய இளஞ்சிவப்பு அசேலியாப் பூக்கள், பின்னால் நீலமாக ஏரி, எதிரே பச்சை மலை. "நேற்று எடுத்தது" என்று போட்டிருந்தார். அம்மாவிடம் காட்டினேன். "நல்ல மனுஷனா இருக்காரும்மா, அங்கேயே போட்டுடு" என்றார். அன்று ராத்திரியே பணம் கட்டினோம். 684 யூரோ.

அப்புறம் பாஸ்போர்ட் படங்கள் கேட்டார். இத்தாலியில் தங்குபவர்களின் விவரத்தை வீட்டுக்காரர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உண்மையான சட்டம். அதைச் சொல்லித்தான் கேட்டார். நம் இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் கேட்டார். அதில் பெற்றோர் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. பணத்தை விட இதுதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து திரானோ போகும் ரயிலில் ஒரு மணி நேரத்தில் வரேன்னா என்ற ஏரிக்கரை ஊர். லெக்கோ தாண்டியதும் இடது பக்கம் ஏரி கூடவே வரும். வரேன்னாவிலிருந்து படகில் கால் மணி நேரத்தில் பெல்லாஜியோ. கேமெலியா பூத்திருந்தது. அம்மா படகில் நின்றுகொண்டே வந்தார், அவ்வளவு சந்தோஷம்.

கொடுத்திருந்த முகவரி ஒரு செங்குத்தான சந்தின் மேலே. வந்தவர்கள் தாங்களே சாவியை எடுத்துக்கொள்ள வாசலில் மாட்டும் சாவிப் பெட்டி என்று எதுவுமே இல்லை. அழைப்பு மணியை அடித்தோம். வயதான ஒரு பெண்மணி வந்தார். வீடு அவருடையது, பல வருடமாக அங்கேதான் குடியிருக்கிறார். எங்கள் போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்களுக்கு முன்பே வேறு ஆட்களும் இப்படிப் பெட்டியோடு வந்து நின்றார்களாம். அம்மாவுக்கு நாற்காலி போட்டு, சூடாகத் தேநீர் கொடுத்தார். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

அந்த ஆளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தளத்தின் உதவி எண்ணில் முதலில் ஒரு இயந்திரம் பேசியது. வெகுநேரம் கழித்து ஒரு பெண் வந்து, "உரிமையாளரிடம் கேட்கிறோம், 24 மணி நேரம் பொறுங்கள்" என்றார். இருட்டப் போகிறது, வயதான அம்மாவோடு தெருவில் நிற்கிறோம் என்று சொன்னேன். "சாவிப் பெட்டி வேலை செய்யவில்லை என்பதற்குப் படம் அனுப்புங்கள்" என்றார். இல்லாத பெட்டியை எப்படிப் படம் எடுப்பது? வெறும் சுவரைப் படம் எடுத்து அனுப்பினேன்.

படகு நிற்பதற்குள் வரேன்னாவுக்குத் திரும்பி, ரயில் பிடித்து லெக்கோவில் ஒரு ஹோட்டலில் கூடுதல் காசு கொடுத்துத் தங்கினோம். அந்த ஹோட்டல்காரர் பால்கனி படத்தைப் பார்த்த உடனே சொன்னார்: அசேலியா இங்கே ஏப்ரல் கடைசியில், மே மாதத்தில்தான் பூக்கும். எதிரே தெரிவது கிரிஞ்ஞா மலை, 2,410 மீட்டர், மார்ச்சில் உச்சியில் பனி இருக்கும். உண்மைதான், மதியம் நாங்களே பார்த்தோம், வெள்ளையாக இருந்தது. "நேற்று எடுத்த" படத்தில் ஒரு பொட்டுப் பனி இல்லை.

இன்னொன்றும் காட்டினார். 2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் இப்படி வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் 'சின்' (CIN) என்ற தேசியப் பதிவு எண் கட்டாயம். விளம்பரத்திலும் போட வேண்டும், கட்டட வாசலிலும் மாட்ட வேண்டும். IT என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் மூன்று இலக்கம் மாகாணத்தைக் குறிக்கும். பெல்லாஜியோ கோமோ மாகாணம் என்பதால் 013 என்று வர வேண்டும். வரேன்னா, லெக்கோ பக்கம் 097. எங்கள் விளம்பரத்தில் இருந்தது 015, அது மிலான். ஹோட்டல்காரருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது, இத்தனை பெரிய தளத்துக்குத் தெரியாதா?

மறுநாள் காலை கராபினியேரி என்ற இத்தாலியப் போலீசிடம் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்கினேன். அதைத் தளத்துக்கு அனுப்பினேன். பதில்: "உரிமையாளர் சாவியோடு காத்திருந்ததாகவும் நீங்கள் வரவில்லை என்றும் தெரிவித்துள்ளார். இது பணம் திரும்பத் தராத வகை முன்பதிவு." போலீஸ் புகார், சுவர்ப் படம், பெல்லாஜியோவிலிருந்து நான் செய்த போன் அழைப்பின் நேரம் எதையும் அவர்கள் திறந்து கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. மறுபடி எழுதினால் வேறு பெயரில் வேறு ஆள், முதலிலிருந்து கதை. கடைசியில் "நல்லெண்ண அடிப்படையில்" 50 யூரோ கூப்பன், அதுவும் அவர்கள் தளத்திலேயே செலவழிக்க. 684 யூரோ எங்கே, 50 யூரோ கூப்பன் எங்கே! கார்டு கொடுத்த வங்கியும் தளம் அனுப்பிய முன்பதிவுச் சீட்டை வைத்துக்கொண்டு முதல் முறை கைவிரித்துவிட்டது. மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பணம் கட்டும் முன் அந்தப் பதிவு எண்ணைப் பாருங்கள், ஊரின் மாகாண எண்ணோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பாஸ்போர்ட்டை நேரில் போன பிறகு காட்டுங்கள், கடைசிப் பக்கத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். மார்ச்சில் போனால் பெல்லாஜியோவை நம்பாமல் லெக்கோ, கோமோ மாதிரி பெரிய ஊரில் தங்குங்கள். ஏதாவது கோளாறானால் ராத்திரியும் ஒரு ஹோட்டல் கிடைக்கும். வாசலில் நிற்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

இன்று காலை பார்த்தேன், அந்த விளம்பரம் அப்படியே இருக்கிறது. ஈஸ்டர் வாரத்துக்கு விலையும் ஏற்றியிருக்கிறார்கள். பெல்லாஜியோவில் அசேலியாப் பால்கனி, தரைத்தளம், 015 என்று தொடங்கும் எண். யாராவது இதற்குப் பணம் கட்டியிருந்தால் இன்றே ரத்து செய்யுங்கள்.