லண்டனில் தனியார் மாணவர் விடுதி: கொடுக்கிற வாடகைக்குத் தகுமா?

லண்டனுக்குப் படிக்கப் போகிறவர்களிடம் ஏஜெண்டுகள் முதலில் காட்டுவது தனியார் நிறுவனங்கள் நடத்தும் மாணவர் விடுதிகளைத்தான். ஸ்ட்ராட்ஃபோர்டிலும் வெம்பிளி பார்க்கிலும் இவை நிறைய உண்டு. வசதியில் குறை சொல்ல அதிகமில்லை. தனி அறை, குளியலறை, மின்சாரம், ஹீட்டிங், வைஃபை எல்லாம் பெரும்பாலும் வாடகைக்குள் அடங்கிவிடும். முழுநேர மாணவர்கள் மட்டுமே தங்குவதால் உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி கிடையாது. ஊரில் இருந்தபடியே பதிவு செய்துவிடலாம். ஆனால் அறையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஒப்பந்தத்தைப் படித்து முடிவெடுங்கள்.

வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். எத்தனை வாரம் என்பதைக் கேட்காமல் ஒப்பிடவே கூடாது. வாரம் 250 பவுண்டு வீதம் 51 வார ஒப்பந்தம் என்றால் 12,750 பவுண்டு. பல்கலைக்கழக விடுதியில் வாரம் 280 என்று இருந்தாலும் 42 வாரத்துக்கு 11,760தான் வரும். ஜூனில் ஊருக்குத் திரும்பும் இளங்கலை மாணவருக்கு 51 வாரம் வீண் செலவு. செப்டம்பர் வரை ஆய்வேடு எழுதும் முதுகலை மாணவருக்கு அதுவே சரியான கணக்கு. தொலைவில் அறை எடுத்தால் பயணச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். லண்டன் பஸ், ரயில் பயணத்துக்கான மாணவர் ஆய்ஸ்டர் அட்டையின் 30 சதவீதத் தள்ளுபடி டிராவல்கார்டுக்கும் பஸ் பாஸுக்கும்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் கட்டும் கட்டணத்துக்கு அது கிடையாது.

பலர் மாட்டிக்கொள்வது ரத்து விதிகளில். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பும் என்று பல விடுதிகள் சொல்லும். அந்தச் சலுகை மறுப்புக்கு மட்டுமே. விசா தாமதமானாலோ, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தாலோ பெரும்பாலும் பொருந்தாது. மறுப்புக் கடிதத்தை எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்றும் கெடு இருக்கும். அதைத் தவறவிட்டால் முழு ஆண்டு வாடகைக்கும் நீங்களே பொறுப்பு. பதிவு செய்யும் முன்பே அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

இதில் சட்டமும் விடுதி பக்கம்தான். 2025-ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் சாதாரண வாடகை வீடுகளில் நிலையான கால ஒப்பந்தம் கிடையாது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். முன்வாடகையாக ஒரு மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. அரசு அங்கீகரித்த நடத்தை விதிகளின்கீழ் வரும் தனியார் மாணவர் விடுதிகளுக்கு இந்த விதிகள் பொருந்தா. கையெழுத்திட்டால் 51 வாரமும் கட்ட வேண்டும். இடையில் விலக, உங்கள் இடத்துக்கு இன்னொரு மாணவரை நீங்களே தேடித்தர வேண்டிவரும். நீங்கள் வாடகை கட்டாவிட்டால் கட்டுவதாகப் பொறுப்பேற்கும் கியாரண்டர் பிரிட்டனில் இல்லையென்றால் முழு வாடகையையும் முன்கூட்டியே கேட்பார்கள், அல்லது கட்டணம் வாங்கிக்கொண்டு கியாரண்டராக நிற்கும் நிறுவனத்திடம் அனுப்புவார்கள். அந்தக் கட்டணம் திரும்பி வராது.

விசாவுக்குக் காட்டும் பணத்திலும் ஒரு வேறுபாடு. லண்டனில் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,529 பவுண்டு வீதம் அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்துக்கே கட்டிய விடுதிப் பணத்தில் 1,529 பவுண்டு வரை இதில் கழித்துக்கொள்ளலாம். தனியார் விடுதிக்கு நேரடியாகக் கட்டியது கணக்கில் வராது. கையிருப்பு இறுக்கமாக இருப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமையலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஸ்டூடியோவில் அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில் இருப்பதால், தாளிக்கும் புகையில் அலாரம் அடிக்கும் வாய்ப்பு அதிகம். அலாரத்தை மூடி வைத்தால் அபராதம். ஐந்தாறு பேர் பகிரும் தனிச் சமையலறை நம் சமையலுக்கு வசதி. சில இடங்களில் ரைஸ் குக்கருக்கே தடை. ஊதுபத்தி, விளக்கு ஏற்றுவதை எங்கும் விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்களின் வீட்டில் ஓர் அறை எடுப்பது பெரும்பாலும் இதைவிட மலிவு. வீட்டுச் சாப்பாடும் கிடைக்கலாம். ஆனால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தால் மேற்சொன்ன இரண்டு மாத நோட்டீஸ் உரிமையும் வைப்புத்தொகைப் பாதுகாப்பும் உங்களுக்கு இல்லை. வாடகை, நோட்டீஸ் காலம், முன்பணம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். உரிமையாளர் வேறு இடத்தில் இருந்தால் வைப்புத்தொகை ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பேர் வசித்தால் வீட்டுக்கு உரிமம் வேண்டும், கவுன்சிலின் பதிவேட்டில் அதைச் சரிபார்க்கலாம். "வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவரிடம் ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை நிலப்பதிவேட்டில் 7 பவுண்டு கட்டிப் பார்த்துவிடலாம்.

எங்கள் தீர்ப்பு: இளங்கலைக்குப் பல்கலைக்கழக விடுதிக்கே முதலில் விண்ணப்பியுங்கள், கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். லண்டனில் யாரையும் தெரியாத முதுகலை மாணவருக்குத் தனியார் விடுதி தகும், ரத்து விதி நன்றாக இருந்தால் மட்டும். சாவி வாங்கிய அன்றே மெத்தை, சுவர், குளியலறை எல்லாவற்றையும் படமெடுத்து, அறையில் உள்ள பொருட்களைப் பட்டியலிடும் இன்வென்டரி படிவத்தோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பழைய கறைக்கு உங்கள் பணத்தில் பிடித்தம் கேட்டால் அந்த மின்னஞ்சல்தான் சான்று.