ஒன்பது வாரம், 5,400 மைல்: வாடகைக்கு எடுத்த டாட்ஜ் சார்ஜர்

போன கோடையில் வேலை விஷயமாக டல்லாஸில் ஒன்பது வாரம் தங்கினேன். வாடகை வண்டியை 'ஃபுல் சைஸ் செடான்' என்று பதிவு செய்திருந்தேன். கைக்கு வந்தது 2022 டாட்ஜ் சார்ஜர் எஸ்எக்ஸ்டி. திருப்பிக் கொடுக்கும்போது நான் ஓட்டியிருந்த தூரம் 5,400 மைல், ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர்.

வீட்டில் நான் ஓட்டுவது ஹோண்டா சிவிக். சார்ஜர் அதைவிட ஓரடிக்கு மேல் நீளம்: 5.04 மீட்டர். அகலம் 1.9 மீட்டர். முதல் மூன்று நாள் பார்க்கிங்கில் வியர்த்துவிட்டது. ஜன்னல் விளிம்பு தோள் உயரத்துக்கு இருக்கிறது, பின் கண்ணாடி சிறியது. ரிவர்ஸ் கேமரா இல்லாமல் பின்னால் எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இடதுபுறம் திரும்பும்போது கண்ணாடியை ஒட்டிய தூண் ஓர் ஆளையே மறைக்கும் அளவுக்குத் தடிமன். ஒவ்வொரு திருப்பத்திலும் உடலைச் சற்று முன்னே சாய்த்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன். நடந்து போகிறவர்கள் அதிகமுள்ள டவுன்டவுனில் இந்தப் பழக்கம் மிக அவசியம்.

நெடுஞ்சாலை ஏறியதும் வண்டியின் குணமே வேறு. 3.6 லிட்டர் வி6 எஞ்சின், 292 குதிரைசக்தி, எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இழுவை. 75 மைல் வேகத்திலும், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் டாக்கோமீட்டர் முள் 1,600 அளவிலேயே நிற்கும். எஞ்சின் ஓடுவதே காதில் விழாது. டயர் சத்தமும் காற்றும் மட்டும்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல் இருப்பதால், கான்கிரீட் சாலையின் இணைப்புகளில் சிவிக் தட் தட் என்று குதிக்கும் இடத்தில் இது லேசாக ஏறி இறங்கிப் போய்விடும். இதன் அடித்தளம் டெய்ம்லர், கிரைஸ்லர் இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்த காலத்தில் மெர்சிடீஸ் உறுப்புகளைத் தழுவி உருவானது. பழைய வடிவமைப்புதான், ஆனால் நீண்ட சாலையில் அந்த நிதானத்தை உடம்பே உணர்கிறது.

ஒரு சனிக்கிழமை, தங்கை வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அப்பாவையும் ஹூஸ்டன் பக்கத்தில் உள்ள பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கு அழைத்துப் போனேன். ஐ-45 நெடுஞ்சாலை வழியாக நாலு மணி நேரத்துக்கு மேல். அம்மாவுக்கு முதுகு வலி உண்டு, அதனால் வழியில் நாலைந்து முறை நிறுத்தவேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரே ஒரு முறைதான் இறங்கினோம். "எவ்வளவு வேகத்துலப்பா போற?" என்று அம்மா கேட்டார். 75 மைல், அதாவது 120 கிலோமீட்டர் என்றதும் நம்பவே இல்லை. பின்சீட்டில் காலை நீட்ட இடம் தாராளம். ஆனால் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால் உயரமான அப்பாவுக்குத் தலை இடித்தது. திரும்பி வரும்போது அவரை முன்சீட்டுக்கு மாற்றினேன். பின்சீட்டின் நடுவில் தரை மேடாக இருக்கும். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டு அதற்கு அடியில்தான் ஓடுகிறது. மூன்றாவது ஆள் காலை இரண்டு பக்கமும் அகட்டி வைத்துத்தான் உட்கார முடியும். நாலு பேருக்கான வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்டினுக்குத் தெற்கே எஸ்ஹெச் 130 சுங்கச் சாலையில் வேக வரம்பு 85 மைல். அமெரிக்காவிலேயே இதுதான் அதிகம். அங்கும் வண்டி அலையவில்லை. இடது தடத்தில் பின்னால் போனாலே முன்னே போகிறவர்கள் வேகம் குறைத்து ஒதுங்குவதையும் கவனித்தேன். நிறைய ஊர்களில் போலீஸ் வண்டியே சார்ஜர்தான் என்பதால் கண்ணாடியில் பார்த்ததும் ஒரு பதற்றம் போல. அதன் பிறகு இடைவெளியை இன்னும் கூட்டியே ஓட்டினேன்.

மைலேஜ்: நெடுஞ்சாலையில் எனக்குக் கேலனுக்கு 28, அதாவது லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில். ஊருக்குள் 18. சாதாரண பெட்ரோலே போதும். டெக்சாஸ் வெயிலில் ஏசி சில நிமிடத்தில் குளிர்த்துவிடும். அதற்குத் திருகும் குமிழ்கள் தனியாக இருப்பதால் திரையைத் தேடவேண்டியதில்லை.

ஆறாவது வாரம் டிஸ்ப்ளேயில் வலது பின் டயர் மட்டும் 24 பிஎஸ்ஐ காட்டியது, மற்ற மூன்றும் 32. ஆணி. டிக்கியைத் திறந்து தரைப் பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி இல்லை, காற்றடிக்கும் சிறிய கம்ப்ரசரும் பஞ்சர் திரவமும்தான். நல்லவேளை, டயர் கடை இரண்டு மைலில் இருந்தது. நடு ராத்திரியில், ஆஸ்டின் போகும் வழியில் வேக்கோ ஊருக்கு முன்னால் எங்காவது ஆகியிருந்தால்? எந்த வாடகை வண்டியாக இருந்தாலும் சாவி வாங்கிய கையோடு அந்தப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். கூடவே பெரியவர் யாரேனும் இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

இந்தத் தலைமுறை சார்ஜரின் உற்பத்தி கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் 2023 டிசம்பரில் நின்றுவிட்டது, அதனால் வாடகை நிலையங்களில் இனிக் குறைந்துகொண்டே வரும். அடுத்த முறை டல்லாஸ் போகும்போது ஒன்று நிற்கிறதா என்று முதலில் கேட்பேன். அம்மா இப்போதே கேட்டுவிட்டார், "அந்தக் கறுப்பு வண்டி கிடைக்குமாப்பா?"